பெயர் பெற்றவரும் பெயர் அற்றவரும்

குலமுறை கிளத்தும் மோகம் எம்மவரிடையே மீண்டும் தலைதூக்கியுள்ளது. கோயிற் கும்பாபிஷேக மலர்களையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் புரட்டிப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். இன்னாருடைய பூட்டன் ஒல்லாந்தர் காலத்தில் முதலியாராய் இருந்தவர். இன்ன குடும்பத்தின் பெயர் வேறெவருக்கும் இல்லாத பெயர். ஆதலால் அக்குடும்பம் அரச மரபிலே தோன்றியதாதல் வேண்டும் என்றவாறாகப் பக்கங்கள் நிரப்பப்படுகின்றன. கடல் கடந்து வாழும் உறவினரின் பணமும் அச்சு வசதியும் சேர்ந்து இம்மோகத்துக்கு நெய் வார்க்கின்றன. பெயர் அரிதாயின் குருதி உயர்ந்தது; பெயர் பழையதாயின் குருதி தூயது. இதுவே இவர்களின் தர்க்கம்.

இத்தர்க்கம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 'உமது குடும்ப மரத்தை வரைக' என்னும் பயிற்சியை ஆசிரியர்களாகிய நாம் எத்துணை இலேசாகக் கொடுத்துவிடுகிறோம்! ஒரு மாணவன் ஐந்து தலைமுறைகளை எழுதி, முதலியார் பட்டத்துக்கு நிறந் தீட்டிக் கொணர்கிறான். பக்கத்து வாங்கில் இருப்பவன் பாட்டனின் பெயரோடு நின்றுவிடுகிறான்; அதுவும் பாதிப் பெயர். முன்னவன் தனக்கு வரலாறு உண்டென்றும் பின்னவன் தனக்கு இல்லையென்றும் அன்றைக்குக் கற்றுக்கொள்கின்றனர். இப்பாடத்தை நாமே கற்பித்தோம் என்பதை உணர்ந்தால் எமக்கு நாணம் தோன்றுதல் வேண்டும்.

இவ்வகைப் பெருமையை வெறுஞ் சொல்லால் மறுப்பதிலும், உண்மையான ஓர் அரிய பெயரை எடுத்து உரசிப் பார்ப்பது நன்று. ஒண்டாச்சி என்னும் குடும்பப் பெயரையே நாம் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இதனினும் அரிதான பெயர்கள் சிலவே. உலகெங்கும் இப்பெயரைத் தாங்குவோர் மிகச் சிறுதொகையினர்; அவர்தம் கிளைகள் அனைத்தும் கொழும்பையே அடியாகக் கொண்டவை. ஆங்கில இலக்கியம் பயின்றோர் மைக்கேல் ஒண்டாச்சியை அறிவர். 1943இல் கொழும்பிற் பிறந்து, 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் சென்று, 1992இல் தம் நாவலொன்றுக்காகப் புக்கர் பரிசு பெற்றவர் அவர். வமிசாவளிப் பண்டிதர்கள் தம் கொள்கைக்குச் சான்றாக விரும்பி எடுக்கத்தக்க பெயர் இது. பழமை உண்டு, அருமை உண்டு, புகழும் உண்டு. ஆயின் இப்பெயரின் வரலாறு அவர்களுடைய கொள்கையைத் தாங்கவில்லை.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. பாக்குநீரிணையின் இரு கரைகளும் ஒரே வணிகக் கொம்பனியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1659இல், தஞ்சாவூரிலிருந்து மருத்துவர் ஒருவர் கொழும்புக்கு வந்து ஒல்லாந்தத் தேசாதிபதியின் மனைவியைக் குணப்படுத்தினார் என்றும், கிறித்தவராகி இங்கேயே தங்கினார் என்றும், அவரே ஒண்டாச்சிகளின் மூதாதை என்றும் குடும்ப மரபு கூறுகிறது. அப்பொழுது தஞ்சையை ஆண்டவன் விசயராகவ நாயக்கன். வந்தவர் தமிழ் நிலத்து வைத்தியர். அவருடைய பெயர் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது. இப்பெயரின் ஈற்றில் அமைந்த எழுத்துக்கள், ஒல்லாந்த மொழியில் 'சிறியது' என்னும் பொருளைத் தரும் விகுதியை எழுதும் எழுத்துக்களேயாகும். இவ்வாறு தமிழ்க் கரையிலிருந்து வந்த பெயர் ஒல்லாந்தச் சட்டை அணிந்துகொண்டது. சட்டையைக் கண்டவர்கள் உடலையும் ஒல்லாந்தம் என்றே மயங்கினர்.

வைத்தியரின் வழித்தோன்றல்கள் கொம்பனியின் நிழலில் வளர்ந்தனர். ஒருவர் கொழும்பிற் கிறித்தவப் போதகரானார். அவருடைய மகன் பீற்றர் பிலிப் யூரியான் குவின்ற் ஒண்டாச்சி 1758இல் கொழும்பிற் பிறந்து, ஒல்லாந்துக்குக் கல்வி பயில அனுப்பப்பட்டார். ஊட்ரெக்ட் நகரில் தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராய் அவர் எழுந்த செய்தியை எமது மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அந்நகர சபைக்கு ஆட்களை நியமிக்கும் அதிகாரத்தை 1674ஆம் ஆண்டு விதியொன்று ஒல்லாந்தின் பரம்பரைத் தலைவருக்கு வழங்கியிருந்தது. செல்வக் குடும்பங்கள் சில அச்சபையைத் தமக்குள்ளே பங்கிட்டுக் கொண்டிருந்தன. நகர மக்கள் தம் சபையைத் தாமே தெரிவுசெய்தல் வேண்டும் என்று ஆயுதந் தாங்கிய குடிமக்கள் படையின் முன்னே நின்றவர் கொழும்பிற் பிறந்த அவ்விளைஞர். 1786இல் அவர்கள் வென்றனர். 1787இல் பிரசியப் படை நுழைந்து அவ்வெற்றியை நசுக்கியது. குவின்ற் ஒண்டாச்சி பிரான்சுக்குத் தப்பியோடினார். பின்னர் 1818இல் பத்தாவியாவில் மாண்டார். பிறப்பால் வரும் அதிகாரத்தை எதிர்த்துப் போராடிய மனிதனின் பெயரைப் பிறப்பால் வரும் பெருமைக்குச் சான்றாக்குவது எத்தகைய முரண்!

இனி, ஒண்டாச்சி எந்த இனத்தவர் என்று கேட்போம். தந்தைவழியில் ஏறிச் சென்றால் தஞ்சைத் தமிழர். கொழும்புச் செட்டிகளின் குடும்பங்களோடு சேர்த்து எண்ணப்படுவதும் உண்டு. பறங்கியர் என்று சொல்லப்படுவதும் உண்டு. பறங்கியர் என்போர் யாவர் என்ற வினாவுக்கு 1830இல் விசாரணை ஆணைக்குழுவின் முன் பிரதம நீதியரசர் றிச்சட் ஒட்லி விடை கூறினார். தந்தைவழி மூதாதை ஐரோப்பியனாயின், தாய் எவளாயினும், மணவுறவிற் பிறந்த பிள்ளை பறங்கியர் என்பதே அவர் கூறியதன் சாரம். இவ்விதியை எழுத்துப்படி கொண்டால் இக்குடும்பத்துக்கு அப்பெயர் பொருந்தாது. தந்தைவழியின் தலையில் நிற்பவர் தமிழ் வைத்தியர் அல்லவா? ஆயினும் வாழ்க்கை முறையாலும் மொழியாலும் மணவுறவாலும் இக்குடும்பம் பறங்கியச் சமூகத்தோடு கலந்து நின்றது. விதி ஒன்று சொல்ல, வாழ்க்கை வேறொன்று செய்தது. வாழ்க்கையே உண்மையென்பது எமது துணிபு.

இவ்விதியின் குரூரம் பிற்காலத்தில் வெளிப்பட்டது. 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் சஞ்சிகை குடும்பங்களின் வமிசாவளிகளைத் தொடர்ந்து அச்சிட்டது. வரலாற்று மாணவனுக்கு அப்பக்கங்கள் பயன் தருவன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி, ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட பறங்கியர் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டபோது, அந்நாட்டின் வெள்ளையர் கொள்கை அவர்களிடம் ஐரோப்பிய வமிசத்துக்குச் சான்று கேட்டது. அதுகாறும் வீட்டு அலுமாரியில் உறங்கிய வமிசாவளி அப்பொழுது நுழைவுச் சீட்டாயிற்று. உடன்பிறந்தோருள் நிறம் வெளுத்தவனுக்குக் கதவு எளிதிற் திறக்க, நிறங் கறுத்தவன் காத்து நிற்கும் நிலையை அக்கொள்கை உண்டாக்கிற்று. அவுஸ்திரேலியா அக்கொள்கையை 1973இல் முற்றாகக் கைவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைப் பறங்கியர் ஏறத்தாழ 38,000 பேர். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தனி இனமாகக் குறிக்கப்பட்ட இலங்கைச் செட்டிகள் 2012இல் ஏறத்தாழ 6,000 பேர். இத்தொகைகள் குருதியை அளந்து பெறப்பட்டவை அல்ல. எண்ணுவோன் எந்தக் கட்டத்தை அச்சிட்டான், எண்ணப்படுவோன் எந்தக் கட்டத்தைத் தெரிந்தான் என்பவற்றால் வந்தவை. ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு கட்டத்திலும் தம்பி வேறொரு கட்டத்திலும் நிற்றல் கூடும்.

குருதியையே அளவுகோலாகக் கொள்வோம் என்று அடம் பிடிப்போர்க்கு எளிய கணக்கொன்று சொல்வோம். தலைமுறைக்கு முப்பது ஆண்டு எனக் கொண்டால், 1659 தொடக்கம் இன்றுவரை ஏறத்தாழப் பன்னிரண்டு தலைமுறைகள். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பன்னிரண்டாம் தலைமுறையில் மூதாதையர்க்குரிய இடங்கள் 4,096. ஒருவரே பல இடங்களை நிரப்பியிருக்கலாம், அது வேறு. குடும்பப் பெயர் என்பது இந்த 4,096 இடங்களுள் ஒன்றே ஒன்றைச் சுட்டும் விரல். ஏனைய 4,095 இடங்களிலும் இருந்தவர்களின் குருதி ஓடவில்லையா? அவர்களுட் பாதிப்பேர் பெண்கள் என்பதனாலன்றோ அவர்களை மறத்தல் எளிதாயிற்று? குவின்ற் ஒண்டாச்சியின் பெயரில் உள்ள 'குவின்ற்' என்பது அவருடைய ஒல்லாந்தத் தாயின் குடும்பப் பெயர். மைக்கேல் ஒண்டாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கென ஒரு பரிசை நிறுவியபோது அதற்குக் கிரேசியன் பரிசு என்று பெயரிட்டார். அது அவருடைய தாயின் குடும்பப் பெயர். தந்தைவழிப் பெயர் விழுங்கிய தாயின் பெயரை மகன் மீட்டெடுத்த செயலாகவே நாம் இதனைக் காண்கிறோம். வமிசாவளிப் பண்டிதர்கள் இதனின்று பாடங் கற்கலாம்.

பெயரின் அருமை உயர்வுக்குச் சான்று என்பார் கூற்றையும் ஆராய்வோம். பெரேரா, சில்வா, பெர்னாந்து என்னும் பெயர்கள் இலங்கையில் எங்கும் உள்ளன. இவற்றைத் தாங்குவோர் அனைவரும் லிஸ்பனிலிருந்து வந்தவரின் மக்கள் அல்லர். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோர்க்கும் ஆட்சியோடு ஒட்டி வாழ்ந்தோர்க்கும் இப்பெயர்கள் வழங்கப்பட்டன. கரையோரத்துச் சிங்களவரும் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளில் தமிழ் பேசும் கத்தோலிக்கரும் இவற்றை ஒருங்கே தாங்குகின்றனர். ஒண்டாச்சி என்னும் பெயர் அரிதானது ஏன்? அது போர்த்துக்கேயர் பங்கிட்ட பெயர்ப் பொதியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. தனியொரு மனிதரோடு வந்த பெயர், அவருடைய ஆண் மக்களின் வழியே மட்டும் இறங்கிற்று. அருமைக்கு இதற்குமேற் காரணம் வேண்டியதில்லை.

இதனை மெய்ப்பிக்க நாம் புரட்சிக்காரர் எவரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. மனிதருள் மேலோரைத் தெரிந்தெடுத்துப் பெருக்க வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டிய பிரான்சிஸ் கால்ற்றனே எமது சாட்சி. இங்கிலாந்தின் பெருங் குடும்பங்களின் பெயர்கள் மறைந்துபோவதைக் கண்ட அவர், இதற்குக் காரணம் அக்குடும்பங்களின் தளர்ச்சியோ என ஐயுற்று, வற்சன் என்னும் கணிதமறிந்த மதகுருவோடு சேர்ந்து ஆராய்ந்து 1874இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கணக்கின் கருத்தைப் பின்வருமாறு விளக்கலாம். ஓரூரில் ஆயிரம் குடும்பப் பெயர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆடவர்க்குச் சராசரியாக ஒரு மகன் பிறக்கிறான். சராசரி ஒன்று என்றால் எல்லார்க்கும் ஒன்று என்பதன்று. ஒருவனுக்கு மூவர் பிறப்பர், மற்றொருவனுக்கு மகனே பிறவான். மகனில்லாதவனோடு அவனுடைய பெயர் அறுந்துபோம். அறுந்த பெயர் மீண்டும் முளைப்பதில்லை. மக்கள் தொகை குறையாதபோதும் பெயர்களின் தொகை தலைமுறைதோறும் குறைந்துகொண்டே செல்லும். எஞ்சிய பெயர்களுட் சில பெருகும், சில அருகும். இதில் வீரத்துக்கோ அறிவுக்கோ குலத்தூய்மைக்கோ இடமில்லை. பகடை உருண்ட விதத்தை விதியின் ஆசி என்று கொண்டாடுபவனை நாம் அறிவாளி என்று அழைப்பதில்லை.

பெயர் அருகுவது தற்செயலாகலாம். பெயர் பதிவாவதோ தற்செயல் அன்று. எமது வழக்கின் மையம் இங்கேயே உள்ளது. 1659ஆம் ஆண்டையும் தஞ்சாவூரையும் வாசகர்கள் மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும்.

அவ்வாண்டில் தஞ்சை நாட்டை விட்டு இலங்கைக்குக் கப்பலேறியவர் வைத்தியர் மட்டுமல்லர். பிஜாப்பூர்ப் படைகள் தஞ்சைப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சூறையாடின. வயல்கள் அழிந்தன, ஊர்கள் பட்டினியால் வாடின. அக்காலத்தில், 1659 தொடக்கம் 1661 வரையான காலத்துள், ஒல்லாந்தக் கொம்பனி நாகபட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற துறைகளிலும் 8,000 தொடக்கம் 10,000 வரையான மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கியது. அவர்களுட் பெரும்பாலோர் இலங்கைக்கே அனுப்பப்பட்டனர். எஞ்சிய சிறுதொகையினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர்.

அதே ஆண்டு. அதே கரை. அதே கொம்பனியின் கொடி. ஒருவர் தேசாதிபதியின் மாளிகைக்குச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் கொம்பனியின் வயலுக்கும் கோட்டை மதிலுக்கும் எசமானரின் அடுக்களைக்கும் சென்றனர். வைத்தியரின் பெயர் முந்நூற்றறுபது ஆண்டுகள் கடந்து நூலட்டைகளில் நிற்கிறது. மற்றவர்களின் பெயர்கள் எங்கே? கொம்பனியின் உலகில் அடிமைக்குக் கிடைத்தது எசமான் இட்ட ஒரு பெயரும், அதன் பின்னே 'வங்காளத்தான்', 'கோரமண்டலத்தான்', 'சிலோன்காரன்' என்று வாங்கிய இடத்தைக் குறிக்கும் சொல்லுந்தான். நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளின் ஏடுகள் இத்தகைய பெயர்களால் நிறைந்துள்ளன. செத்தலும் விற்றலும் அவர்களைப் பற்றிய செய்திகள். பிறப்பும் வமிசமும் அல்ல. கொழும்பிலே கொம்பனியின் அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்று அழைத்தனர். தமிழில் அதனைக் கொம்பனித்தெரு என்கிறோம். அடிமையின் பெயர் போய் எசமானின் பெயர் மட்டும் எமது நாவில் தங்கிவிட்டதைப் பாருங்கள்!

அந்த ஆயிரக்கணக்கானோரும் பிள்ளை பெறாமல் மாண்டிலர். அவர்களின் மக்கள் இந்நாட்டு மக்களோடு கலந்தனர். இன்று தம்மை இன்ன சாதி, இன்ன இனம் என்று மார்தட்டுவோரின் 4,096 இடங்களுள் எத்தனையில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எந்த வமிசாவளியும் சொல்லாது. வைத்தியரைக் கண்டுபிடித்து அடிமையைக் கண்டுபிடியாத வமிசாவளி உண்மையின் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

இக்குற்றம் பிறநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை எனத் தொகுத்தபோது, அதனை வாசித்து ஒப்புக்கொண்டவர்கள் பன்னிரு தமிழ் முதலிமார். அத்தொகுப்பிலே கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அடிமைகளாக வகுக்கப்பட்டு, உடைமைகளோடு உடைமையாக எண்ணப்பட்டனர். முதலிமாரின் வமிசாவளிகள் இன்றும் மெருகூட்டி அச்சிடப்படுகின்றன. அவர்தம் காணியை உழுதவனின் வமிசாவளியை அச்சிடுவார் யார்? இலங்கையில் அடிமைத்தனம் 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெயர் வழியான அடிமைத்தனம் அதன் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. ஒருவன் கந்தையா எனவும் வேலுப்பிள்ளை எனவும் அழைக்கப்பட, மற்றொருவன் கந்தனாகவும் வேலனாகவுமே பதிவேட்டில் எழுதப்பட்டான். பிள்ளைக்கு மதிப்பான பெயர் இட்ட தந்தை ஏச்சுக்கு ஆளான கதைகளை எமது மூத்தோர் அறிவர். பாடசாலை இடாப்பும் இப்பாகுபாட்டை அப்படியே படியெடுத்தது. இன்று அந்த இடாப்பின் வாரிசுகளாகிய நாம் குடும்ப மரத்தை வரையச் சொல்கிறோம்!

மலையகத்துக்கு வருவோம். அங்கே 'பேர்' என்னும் சொல்லுக்கே வேறு பொருள் உண்டு. பேர் என்றால் ஒருநாட் சம்பளம். துரையும் கணக்கப்பிள்ளையும் குறித்த அளவுக்குக் கொழுந்து பறியாதவளுக்கு அன்று கிடைப்பது அரைப்பேர். மனிதரின் பெயரை அறுத்து நாட்கூலியின் அளவாக்கிய வழக்கு இது. இப்படித் தோட்டத்துச் செக்றோலில் நாள்தோறும் பெயர் எழுதப்பட்டவர்களிடம், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? இந்நாட்டிலே பிறந்தவனாயினும், அவனுடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அதற்குப் பத்திரச் சான்று வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனின் பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் விதியைப் பின்னுக்குத் தள்ளியது. 2003இல் இயற்றப்பட்ட சட்டம்வரை இத்துயரம் நீண்டது. பறங்கியருக்கு விதி வகுத்த 1830ஆம் ஆண்டின் தந்தைவழி அளவுகோலே நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளின் பின் வேறோர் உருவில் மீண்டு வந்தது. அன்று அது ஒருவரைச் சமூகத்துள் ஏற்றது. இன்னொரு முறை அது இலட்சக்கணக்கானோரை நாட்டுக்கு வெளியே நிறுத்தியது. வமிசாவளி வெறும் வீட்டுப் பொழுதுபோக்கு என்பார் இச்சட்டத்தை ஒருமுறை வாசித்தல் வேண்டும்.

ஒண்டாச்சி குடும்பத்தை நாம் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. 1982இல் வெளிவந்த தம் குடும்ப நூலிலே மைக்கேல் ஒண்டாச்சி மூதாதையரின் குடியையும் கூத்தையும் மறைத்தாரில்லை. அவருடைய தந்தை தோட்டத்துரையாக இருந்தவர் என்பதையும் மறைத்தாரில்லை. ஆயின் அத்தோட்டங்களில் அரைப்பேர் வாங்கியவர்களின் குடும்ப நூல் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை எழுதவேண்டியது அவருடைய கடன் அன்று, எம்முடைய கடன்.

முன்னோரைத் தேடுதல் தவறா என்று சிலர் கேட்பர். தவறன்று. தேடாத சமூகம் தன்னைத்தானே அறியாது. தேடலின் முறையே எமது வழக்கு. தந்தைவழி ஒன்றை மட்டும் தேடி, பட்டம் பெற்றவனைக் கண்டவுடன் தேடலை நிறுத்துவது ஆராய்ச்சி அன்று. முகத்துக்கு ஏற்ற கண்ணாடி தேடுதல். தமிழருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, ஆதலால் இந்நோய் எம்மைத் தீண்டாது என்பாரும் உளர். தகப்பனின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைக்கும் எமது வழக்கிலும் தாய்க்கு இடமில்லை என்பதை அவர்கள் மறக்கின்றனர். மேலும், இன்று எமது கண்முன்னே புதிய குடும்பப் பெயர்கள் ஆயிரக்கணக்கிற் பிறந்துகொண்டிருக்கின்றன. 1983இன் பின் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிரான்சுக்கும் அகதிகளாய்ச் சென்றவர்களிடம் குடிவரவுப் படிவம் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்பச் சொன்னது. ஒருவர் தகப்பனின் பெயரை எழுதினார். இன்னொருவர் தம் பெயரையே எழுதினார். அவ்வாறு எழுதப்பட்டது பிள்ளைக்கும் பேரனுக்கும் நிலையான குடும்பப் பெயராயிற்று. வேறெவருக்கும் இல்லாத அரிய பெயர்கள் அவற்றுட் பல. இன்னும் நூறாண்டு சென்றபின், அப்பெயர் தஞ்சை மன்னர் கொடுத்தது என்று எழுத ஒரு பண்டிதர் தோன்றாமற் போகார். உண்மையில் அதன் தாயகம் விமான நிலையத்து மேசை. அதன் காரணம் எரிந்த வீடு. அந்த வீட்டையும் அந்த மேசையையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அரச கதையிலும் அக்கதை மேலானது.

தோழர்களாகிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப மரத்தை வரையச் சொல்வதாயின், மரத்தோடு இரண்டு வினாக்களையும் கொடுங்கள். இப்பெயர்களை எழுதி வைத்தவர் யார்? எழுதப்படாமல் விடப்பட்டவர் யார்? தாயின் தாய் எங்கிருந்து வந்தாள் என்று பிள்ளை வீட்டிற் கேட்டு வரட்டும். பாட்டனின் பெயரோடு நின்றுவிட்ட மாணவனை முன்வாங்குக்கு அழைத்து, அந்த இடைவெளிக்குக் காரணம் அவனுடைய குடும்பத்தின் குறையன்று, அதனை எழுத மறுத்தவர்களின் செயல் என்பதை வகுப்பறிய விளக்குங்கள். அக்கப்பல்களில் வந்த ஆயிரக்கணக்கானோருக்கும் பெயர்கள் இருந்தன. அவர்களின் தாய்மார் அவற்றைத் தமிழிலேயே சூட்டினர்.